பழைய ஆம்னி பெட்ரோல் குடிக்கிறதா? ஏர் லீக்கும் மைலேஜும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984இல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஸ்கூல் ட்ரிப்புக்கும் மார்க்கெட் லோடுக்கும் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல, நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டே லிட்டருக்கு எட்டு, ஒன்பது என்று இழுக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள ஆம்னிக்கானவை. கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டி மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக் "ஏர் எடுக்குது" என்கிறார். அப்படியென்றால் என்ன?

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். இதுதான் வேக்யூம். கார்புரேட்டர் வழியாகப் போகும் காற்று தன்னோடு பெட்ரோலையும் கூட்டிப்போகும். எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது முழுதாக எரிவதற்கான கணக்கு. த்ராட்டிலைத் தாண்டிய பிறகு வெடித்த ஹோஸ், கிழிந்த பேக்கிங் என்று எதன் வழியாகவாவது நுழையும் காற்று வெறுங்கையோடு வருகிறது. கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து லீன் ஆகிறது.

ஓட்டை சின்னது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ஐட்லிங்கில் இந்த எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றே கொஞ்சம்தான். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், அந்தக் காற்றில் ஏறக்குறைய பாதியளவு அதன் வழியாகவே வந்துவிடும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் இழுக்கும் காற்று பல மடங்காகிவிடுவதால், அதே ஓட்டையின் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குச் சுருங்கிவிடும்.

என் வண்டியில் இருப்பது ஏர் லீக்தான் என்று எப்படிச் சந்தேகப்படுவது?

மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. நின்றால் மிஸ்ஸிங் அடித்து, சிக்னலில் ஆஃப் ஆகி, ஆனால் ரோட்டில் ஓடும்போது ஓரளவு ஒழுங்காகப் போனால் லீக் மீது சந்தேகப்படலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் உடனே இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்குவது இன்னொரு அடையாளம். காலையில் சோக் இழுத்தால் ஒழுங்காக ஓடி, சோக்கைத் தள்ளினதும் தடுமாறுவதும் அப்படியே.

நிற்கும்போது அருமையாக இருந்து, மேட்டில் மட்டும் புல்லிங் இல்லை என்றால் லீக்கைத் தேடிப் பொழுதைப் போக்காதீர்கள். ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைப்பு, பெட்ரோல் ஃபில்டர், பம்ப், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பக்கம் போங்கள்.

லீக் இருந்தால் காற்றுதானே கூடுதலாகப் போகிறது? பெட்ரோல் எப்படிக் கூடுதலாகச் செலவாகும்?

நியாயமான கேள்வி. மைலேஜ் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

லீக் மட்டும் தனியாக மைலேஜைப் பாதியாக்குவது அரிது. அதை மறைக்கச் செய்யும் வேலைதான் பெட்ரோலைக் குடிக்கிறது. ஐட்லிங் நிற்கவில்லை என்று வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. அங்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றுகிறார்கள். அப்போதும் மிஸ்ஸிங் நிற்காவிட்டால் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டி, கலவையை ரிச்சாக்குகிறார்கள். ஐட்லிங் நிற்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆறு மாதத்தில் ஹோஸ் இன்னும் கொஞ்சம் வெடிக்கிறது, ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. அப்புறம் யாரோ "ஜெட் பத்தல" என்று பெரிய ஜெட் போடுகிறார். ஐட்லிங்கில் லீக்கை ஈடுகட்டத் தொடங்கிய வேலை, இப்போது லீக் பெரிதாகப் பாதிக்காத ஓட்டத்திலும் வண்டியை ரிச்சாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. பாதி சோக் இழுத்தபடியே ஓட்டும் டிரைவர்களும் உண்டு. அது நேராகவே பெட்ரோலை ஊற்றுவது.

இரண்டாவது வழி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒட்டியிருக்கும் வேக்யூம் அட்வான்ஸ், லேசான லோடில் ஓடும்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே வரவைக்கிறது. அந்த ஹோஸோ உள்ளே இருக்கும் டயஃப்ரமோ கிழிந்தால் ஏர் லீக் ஒரு பக்கம், ஸ்பார்க் தாமதமாவது இன்னொரு பக்கம். ஸ்பார்க் தாமதமானால் எரியும் பெட்ரோலின் சக்தி சக்கரத்துக்குப் போவதற்குப் பதிலாகச் சைலென்சரைச் சூடாக்கும். இது ரோட்டு மைலேஜையே தின்னும். ஆனால் பல கார்புரேட்டர்களில் இந்தக் குழாய் த்ராட்டில் தகடுக்குச் சற்று மேலே திறப்பதால், ஐட்லிங்கில் எந்த அடையாளமும் தெரியாது.

ஆகவே லீக் இருக்கிறதா, இல்லையா என்று முடிவு தெரிவதற்கு முன் ஒரு ஸ்க்ரூவையும் நிரந்தரமாகத் திருப்பவிடாதீர்கள்.

எம்பிஎஃப்ஐ ஆம்னியிலும் இதே கதைதானா?

இல்லை. ஆம்னியின் எம்பிஎஃப்ஐ, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் மூலம் பார்த்து, அதிலிருந்து காற்று எவ்வளவு என்று கணக்கிடுகிறது. லீக் வழியே காற்று வந்தால் அழுத்தம் ஏறும். "ஓ, லோடு கூடிவிட்டது" என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலையும் கூட்டிவிடும். எனவே இங்கே மிஸ்ஸிங்கைவிட ஐட்லிங் ஏறி நிற்பதுதான் முதல் அடையாளம். ஐட்லிங் வால்வு தன்னால் முடிந்தவரை மூடிச் சமாளிக்கும். அதற்கு மேல் முடியாமல் போகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

மேப் சென்சார் ஹோஸ் மூலம் இணைந்திருக்கும் வண்டியில் அந்த ஒரு ஹோஸைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். அது வெடித்தாலோ கழன்றாலோ சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தம்தான் தெரியும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறோம் என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கொட்டும். கரும்புகை, பெட்ரோல் வாடை, பாதி மைலேஜ் எல்லாம் ஒரு விரல் நீள ரப்பரால். இதைப் பார்க்காமலே இன்ஜெக்டர் கழுவக் காசு கொடுப்பவர்கள் நிறைய.

மைலேஜ் குறைந்திருக்கிறது என்பதையே எப்படி உறுதி செய்வது?

"500 ரூபாய்க்குப் போட்டேன், இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது" என்பது அளவு ஆகாது. பங்க்கில் நாசில் தானாகக் கட் ஆகும்வரை ஃபுல் டேங்க் போட்டு, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலையில் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி கட் ஆகும்வரை போடுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். தேசிய நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல்லோடு ஓடோமீட்டரை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. வண்டி பழசு, மீட்டர் கேபிள் சரியாக ஓடுகிறதா என்பதே சந்தேகம்.

வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் ஸ்கூல் ட்ரிப்பையும் பைபாஸ் ஓட்டத்தையும் ஒரே எண்ணால் அளக்காதீர்கள்.

லீக் எங்கெல்லாம் வரும்?

ஆம்னியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் அடைபட்டுக் கிடப்பதால் சூடு வெளியேற இடம் குறைவு. ரப்பர் எல்லாம் சீக்கிரம் காய்ந்து கட்டையாகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ்களின் நுனி. நடுவில் நன்றாக இருக்கும், நிப்பிளில் செருகிய இடத்தில் மட்டும் வெடித்திருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும்.

அடுத்தது கார்புரேட்டர் உட்காரும் இடம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு ஏறாமலிருக்க ஒரு தடித்த இன்சுலேட்டரும் அதன் இருபுறமும் பேக்கிங்கும் இருக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் நட்டை முறுக்கி முறுக்கி அடிப்பாகம் வளைந்திருக்கும். அப்படி வளைந்த கார்புரேட்டருக்குப் புதுப் பேக்கிங் போட்டாலும் ஒரு மாதம்தான். கண்ணாடிப் பலகையில் எமரி ஷீட்டை வைத்து அடிப்பாகத்தைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம் பலரும் விட்டுவிடும் இடம். ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அதைச் சுற்றிக் காற்று போகிறது. எந்தப் பேக்கிங்கும் இதைச் சரிசெய்யாது. லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும், அல்லது வேறு கார்புரேட்டர்.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் டக்டக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஆயில் கசடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்தபடி ஒட்டியிருந்தால் அதுவே ஒரு நிரந்தர லீக்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சினை ஆஃப் செய்து பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வந்து ஐட்லிங் மாறினாலோ, மைலேஜை விடுங்கள், முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

மேனிஃபோல்டு பேக்கிங் கடைசிச் சந்தேகம். போனால் வேலை பெரிது. ஆனால் ஹோஸ் அளவுக்கு அடிக்கடி போவதில்லை.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சீட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டால் புகை நேராக ஆளிருக்கும் இடத்துக்கு வரலாம். மூடிய ஷெட்டில் இது உயிருக்கே ஆபத்து. துப்பட்டா, சேலை முந்தானை, லுங்கி நுனி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

எஞ்சின் சூடான பிறகு, நீளமான ரப்பர் டியூப் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் பக்கமாகவும் நகர்த்துங்கள். உஸ்ஸென்ற சத்தம் ஓரிடத்தில் சட்டென்று பெரிதாகும்.

பிறகு ஒவ்வொரு ஹோஸாக, துணி சுற்றிய பிளையரால் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐட்லிங் ஒழுங்காகிறதோ, அந்த ஹோஸிலோ அதன் மறுமுனையில் இருக்கும் பாகத்திலோதான் லீக். பிசிவி ஹோஸை நசுக்கினால் நல்ல வண்டியிலும் ஐட்லிங் கொஞ்சம் இறங்கும்; அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, ஸ்க்ரூவை வைத்து ஒரு சோதனை. இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துவிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்துங்கள். அப்போதும் எஞ்சின் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தால், த்ராட்டில் கேபிள் இறுகியில்லை என்ற நிலையில், காற்று வேறு வழியில் வருகிறது. சோதித்ததும் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் டயஃப்ரமுக்கு வாய் போதும். சுத்தமான டியூபைச் செருகி உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் டயஃப்ரம் நல்லது. கேப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தால் உள்ளே தகடு நகர்வதும் தெரியும்.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிறார்களே, அது சரியா?

பலிக்கும். லீக் உள்ள இடத்தில் பட்டதும் ஐட்லிங் மாறும். ஆனால் அது சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். பக்கத்திலேயே சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட், வெடித்த பிளக் வயர், மேலே சீட்டின் ஸ்பாஞ்சு. ஆம்னியில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீரை எடுத்துப் பேக்கிங் ஓரங்களில் மெல்லத் தெளியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு ஐட்லிங் ஒரு நொடி தடுமாறும், அல்லது சத்தம் நின்று மறுபடி தொடங்கும். டிஸ்ட்ரிபியூட்டரிலும் காயிலிலும் மட்டும் படக் கூடாது.

ஊதுபத்திப் புகை காட்டும் யோசனையும் உலவுகிறது. கார்புரேட்டர் பக்கத்தில் நெருப்பா? வேண்டவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் ஸ்மோக் மெஷின் எஞ்சினை அணைத்த நிலையில் புகையை ஏற்றிப் பார்ப்பது, இரண்டும் ஒன்றல்ல.

வேக்யூம் கேஜ் வாங்கலாமா?

இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மேனிஃபோல்டில் நேரடியாகத் திறக்கும் குழாயில் மாட்டி, சூடான எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை முள் ஆடாமல் நின்றால் நல்லது. ஆடாமல், ஆனால் அதைவிடத் தாழ்வாக நின்றால் ஏர் லீக், அல்லது டைமிங் தாமதம். சீரான இடைவெளியில் முள் சடக் சடக்கென்று விழுந்தால் ஒரு வால்வு சரியில்லை. ஹோஸ் மாற்றிப் பயனில்லை. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலென்சரோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது. மைலேஜ் போவதற்கு இதுவும் பெரிய காரணம், ஆனால் கேஜ் இல்லாமல் யாரும் யோசிப்பதில்லை.

மலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். ஏழாயிரம் அடிக்கு மேலிருக்கும் ஊட்டியில் 12 அங்குலம் காட்டும் எஞ்சின் நோயாளி அல்ல. அதே 12 திருச்சியில் காட்டினால் தேட வேண்டும்.

புகைச் சான்றிதழ் தாளில் எதாவது தெரியுமா?

தெரியும், ஆனால் யாரும் படிப்பதில்லை. அதில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) சதவீதமும் எச்சி (எரியாத பெட்ரோல்) பிபிஎம்மும் அச்சாகியிருக்கும். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) 2 புகை விதிக்கு முந்தைய வண்டிக்கு வரம்பு சிஓ 3 சதவீதம், எச்சி 1500. பிஎஸ் 2, பிஎஸ் 3 வண்டிக்கு 0.5 சதவீதமும் 750ம். சிஓ மிகக் குறைவாக இருந்து எச்சி மட்டும் ஏறியிருந்தால், லீனாகி எரியாமலே பெட்ரோல் வெளியே போகிறது என்று பொருள். ஏர் லீக்குக்கும் பிளக் மிஸ்ஸிங்குக்கும் இப்படி வரும். இரண்டுமே ஏறியிருந்தால் ரிச். ஏற்கெனவே ஸ்க்ரூவைத் திருப்பி லீக்கை மறைத்த வண்டி அப்படிக் காட்டலாம்.

எல்பிஜி கிட் போட்ட ஆம்னி. கேஸிலும் மைலேஜ் இல்லை, பெட்ரோலிலும் இல்லை.

இரண்டிலும் இல்லையென்றால் பொதுவான பாகத்தில் குறை: ஏர் லீக், இக்னிஷன், கம்ப்ரஷன், பிரேக் பிடித்தம். கிட் போடும்போது வேக்யூமுக்கு டி ஜாயின்ட் சேர்த்திருப்பார்கள், அங்கே முதலில் பாருங்கள். லீன் ஆனால் கேஸ் ஓட்டத்தில் கார்புரேட்டர் வழியே பேக் ஃபயர் அடிக்கும். அந்த வெடியில் ஹோஸ்கள் கழன்றும் போகும். கேஸ் வாடை அடித்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்யாமல், டேங்க் வால்வை மூடிவிட்டுக் கிட் மெக்கானிக்கிடம் போங்கள்.

லீக் எதுவும் இல்லை. ஆனாலும் மைலேஜ் தரவில்லையே?

முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறியும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது இல்லாத எஞ்சின், குறிப்பாகச் சின்னச் சின்ன ட்ரிப் அடிக்கும் வண்டியில், சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். எம்பிஎஃப்ஐ வண்டியில் கூலன்ட் சென்சார் எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, சமதளத்தில் நியூட்ரலில் போட்டு ஒருவர் தள்ளிப் பாருங்கள். நகரத் தயங்கினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சின்ன 12 அங்குல டயரில் காற்று குறைந்தாலும் இழுவை உடனே தெரியும். இவை தவிர பிளக், ஏர் ஃபில்டர், கிளட்ச் ஸ்லிப், டைமிங். புதிதாக எதுவும் இல்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

ஒரு பங்கு உண்மை. 20 சதவீத எத்தனால் கலப்பால், சுத்தப் பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்கு ஒத்துப்போகச் செய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. அந்தக் கணக்கில் 14 கொடுத்த வண்டி 13 கொடுக்கும். 14, 9 ஆனதற்கு எத்தனாலைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கார்புரேட்டர் வண்டி ஏற்கெனவே கொஞ்சம் லீனாகத்தான் ஓடும். முன்பு தெரியாமலிருந்த சின்ன லீக்கூட இப்போது மிஸ்ஸிங்காக வெளிப்படலாம். பழைய ரப்பருக்கும் இது ஆகாது. பெட்ரோல் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

ட்ரிப்ஸ் டியூப், சிலிகான் பேஸ்ட் போட்டால் தாங்குமா?

தாங்காது. ட்ரிப்ஸ் ஏற்றும் டியூபும் மீன்தொட்டி டியூபும் எஞ்சின் சூட்டில் இளகி, வேக்யூமில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். சிலிகான் பேஸ்ட் பெட்ரோல் பட்டு ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் வேக்யூம் ஹோஸை, சரியான உள்விட்டத்தில் வாங்கிப் போடுங்கள்.

கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழசு வாங்கலாமா?

ஷாஃப்ட் ஆடாமல், அடிப்பாகம் வளையாமல் இருந்தால் வாங்கலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கையோடு எடுத்துப்போய் அடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாலிஷ் போட்ட பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டீசல் வேனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. பழைய டீசலில் பெரும்பாலும் த்ராட்டிலே கிடையாது. பிரேக்குக்கான வேக்யூமைத் தனிப் பம்ப் தருகிறது. அங்கே மைலேஜ் தேட வேண்டிய இடம் ஃபில்டர், நாசில், டீசலை நாசிலுக்கு அழுத்தும் எஃப்ஐ பம்ப்.

லீக்கை அடைத்தாயிற்று. இப்போது என்ன செய்ய வேண்டும்?

லீக்குக்காகத் திருப்பிய எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மைலேஜ் இன்னும் மோசமாகத்தான் ஆகும். பெரிய ஜெட் போட்டிருந்தால் கம்பெனி அளவுக்கு மாற்றுங்கள். வால்வு கிளியரன்ஸ், பிளக், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் (காயில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இருந்தால் அது, பிறகு அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங், ஹோஸை மாட்டி ஐட்லிங், கடைசியாகத்தான் மிக்சர். மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பினால் எஞ்சின் தடுமாற வேண்டும். அங்கிருந்து சீராகும்வரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். எம்பிஎஃப்ஐயில் திருப்ப ஒன்றுமில்லை. ஈசியூவில் பழைய கோட் (பதிவான பிழைக் குறியீடு) இருந்தால் அழித்துவிட்டு ஓட்டலாம். பிறகு ஒரு ஃபுல் டேங்க் போட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.